அளவுச் சட்டை

கனரக வாகன ஓட்டுநர்களின் உடற்தகுதியைச் சோதிக்கும் உரிமை, அவர்களுடைய உடலை அணிந்து பார்க்கப் பயின்ற மருத்துவர்களுக்கே இனி உண்டு என்று அரசாணை வந்தபோது, எங்கள் மாவட்டத்து மருத்துவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்ட கேள்வி, பயிற்சியில் மதிய உணவு தருவார்களா என்பதுதான். உணவு உண்டு என்று தெரிந்ததும், சைவமா அசைவமா என்று கேட்டார்கள். உடலை அணிவது என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

நெடுஞ்சாலைகளில் லாரிகள் தாமாக ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் ஊருக்குள் நுழைகையிலும், மழை கொட்டுகையிலும், மாடு குறுக்கே வருகையிலும் பொறுப்பை யாராவது ஒரு மனிதன் தலையில் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே இருக்கையில் ஓட்டுநர் இன்னும் இருக்கிறார். கிளட்ச் போய்விட்டது, கியர் போய்விட்டது. தூக்கமின்மை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஒரு மலைச்சாலையில், கையில் புத்தம் புதிய மருத்துவச் சான்றுடன் ஓர் ஓட்டுநர் இருக்கையிலேயே இறந்துபோய், வண்டி ஒரு கல்யாண வேனின் மீது ஏறிய பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. விழித்துக்கொண்ட அரசு வழக்கம்போல ஒரு கருவியை வாங்கியது.

அதற்கு முன் சான்றுகள் எப்படி வழங்கப்பட்டன என்பதை நாமக்கல்லில் அறியாதவர் இல்லை. டாக்டர் குணசீலன் என்பவர் ஊர்க்கோடியில் ஒரு டீக்கடைக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு, கண்ணாடியைப் பாதி இறக்கி, ஏஜென்ட் நீட்டும் தாள்களில் முத்திரை குத்துவார். ஓட்டுநருக்குக் கண்கள் இரண்டா ஒன்றா என்பதுகூட அவருக்குத் தெரியாது; காருக்குள் வருவது தாள் மட்டுமே.

என் மருத்துவமனை பரமத்தி சாலையில், லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது. நான் சட்டையைக் கழற்றச் சொல்வேன். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பேன். மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வேன். அதனால் என்னிடம் வருகிறவர்கள் குறைவு. ஆனால் வருகிறவர்கள், ஏதோ ஓர் அச்சம் உள்ளுக்குள் இருப்பதால்தான் வருகிறார்கள். இந்தப் பயிற்சியில் நான் தேறாவிட்டால், எங்கள் ஊரில் ஓட்டுநரைச் சோதிக்கும் உரிமை குணசீலனின் முத்திரைக்கு மட்டுமே எஞ்சும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நான் மறுபடி மாணவியாகப் பெயர் கொடுத்தது அதற்காகத்தான்.

பயிற்சி நிலையம் சங்ககிரிப் பக்கத்தில், மாணவர் வராமல் மூடப்பட்ட ஒரு பொறியியல் கல்லூரியில் இயங்கியது. பெயர்ப் பலகையில் இரண்டு ஒற்றுகளைக் காணோம்; கழிப்பறையில் தண்ணீரைக் காணோம். திருச்செங்கோடு பேருந்து நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிச் செல்ல ஒரு வேன் வந்தது. பின்னிருக்கைகளில் மருத்துவர்கள் நிலம், மனை, மருமகன் என்று பேசிக்கொண்டு வந்ததால், நான் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன்.

அவர் பெயர் அங்கமுத்து. ஐம்பதைக் கடந்தவர். நெடுங்காலம் வடக்கு லைனில் லாரி ஓட்டிவிட்டு, இப்போது நிலையத்தின் வேனுக்கு வந்திருந்தார். வேனில் கிளட்ச் இல்லை. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவருடைய இடது கால் எழுந்து, இல்லாத ஒன்றை மிதித்துவிட்டு இறங்கியது. அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு தேய்ந்து ஓட்டையாகி, அடித்தகரம் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"கால் கேக்க மாட்டேங்குதுங்கம்மா. வண்டியில இருந்து கிளச்சை எடுத்துட்டாங்க, கால்ல இருந்து எடுக்கலைங்க" என்றார்.

கல்லூரி வாசலில் காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "வாய்யா அளவுச் சட்டை" என்று அவரை வரவேற்றார். ஏதோ உள்ளூர்க் கேலி என்று அப்போது விட்டுவிட்டேன்.

பயிற்றுநர் பிரணவ், கருவியை விற்ற நிறுவனம் அனுப்பிய இளைஞர். எந்த வாக்கியத்தையும் அவர் தொடங்கிய மொழியில் முடித்ததில்லை. கருவியின் அரசுப் பெயர் மெய்யுணர் கச்சை. ஓட்டுநர்கள் அதைச் சட்டை என்றே அழைத்தார்கள். பெயர் வைப்பதில் அரசைவிட அவர்கள் தேர்ந்தவர்கள். ஓட்டுநர் ஒன்றை அணிந்துகொள்ள, மருத்துவர் இன்னொன்றை அணிந்துகொள்ள, அவருடைய உடல் உணர்வது அனைத்தையும் இவருடைய உடல் உணரும். மருத்துவரின் கச்சையில் இடுப்பருகே ஒரு திருகு உண்டு. ஒன்று முதல் பத்து வரை. பத்தில் வைத்தால் அந்த உடல் முழுவதும் நம்முடையதாகிவிடும். ஒன்றில் வைத்தால், பக்கத்து வீட்டில் யாரோ இருமுவதுபோல இருக்கும்.

அணிந்த உடலைக் கருவி தனக்குள் வைத்திருக்கும் ஒரு பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். உண்மையான ஓர் ஓட்டுநரின் உடலை அமர்ந்த நிலையிலும், நடக்கையிலும், படியேறுகையிலும் பதிந்தது அது. அதற்கு அளவுடல் என்று பெயர். தகுதியுள்ள ஓட்டுநரின் உடல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாடு முழுவதற்கும் அதுவே அளவு. பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. பச்சை எரியாமல் சான்று அச்சாகாது.

இவ்வளவையும் கேட்ட மருத்துவர்கள் அத்தனை பேரும், ஒருவர் சொல்லாமலே, திருகை ஒன்றில் வைத்துக்கொண்டார்கள். நான் குணசீலனைப் பார்த்தேன். அவருக்குக் கூச்சம் என்ற வியாதி என்றைக்கும் இருந்ததில்லை.

"அடுத்தவன் முட்டிவலியை நாம எதுக்குக்கா வாங்கணும்? நமக்கே சொந்தமா இருக்குது" என்றார்.

அன்று பிற்பகல் செய்முறைப் பயிற்சியில், சோதனைக்கு வந்த ஓட்டுநர் தம் கச்சையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அவர் போனதைக் கவனியாத குணசீலன் தம் கச்சையை அணிந்து, திருகு ஒன்றில் இருக்க, பொத்தானை அழுத்தினார். பச்சை எரிந்தது. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி கனரக வாகனம் ஓட்டத் தகுதியுடையது என்று சான்று அச்சாகி வந்தது. வகுப்பே சிரித்தது. குணசீலன் அதைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டார். பிரணவ் மட்டும் சிரிக்காமல், அந்த அளவுக்குக் குறைத்து வைத்தால் எதுவும் எதோடும் பொருந்திவிடும் என்றும், அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுவார்கள் என்றும் விளக்கினார். அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று கேட்டேன். அதற்கு ஒரு கமிட்டி இருக்கிறது என்றார்.

நான் அளவுடலைப் பத்தில் வைத்து அணிந்து பார்க்க வேண்டும் என்றேன்.

"பத்து ரொம்ப ஹெவியா இருக்கும் மேடம். கமிட்டியில இருந்த பெரிய டாக்டர்ஸ்கூட மூணுலதான் பாத்து அப்ரூவ் பண்ணாங்க."

"பெரிய டாக்டர்களுக்கு அவசர வேலை இருந்திருக்கும். எனக்கு இல்லை" என்றேன்.

அணிந்தேன். முதலில் கண்களுக்குப் பின்னால் மணல். பல நாள் தூக்கம் அங்கே கெட்டியாகச் சேர்ந்து கிடந்தது. கொட்டாவி கொட்டாவியாக வந்தது. வலது முழங்கையில் சன்னல் வெயிலின் எரிச்சல். இடுப்பில் பழகிப்போன, இனிப் புகார் செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்ட ஒரு வலி. பதிவில் அந்த மனிதர் படியேறத் தொடங்கினார். நாலைந்து படிகளில் இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு கை உள்ளிருந்து பற்றிக்கொண்டது. அது தாடை வரை ஏறியது. அவர் நின்றார், பிடி மெல்லத் தளர்ந்தது. மறுபடி ஏறினார், மறுபடி பற்றியது. மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும் அது என்னவென்று. அந்த அவதிக்கு இடையிலும் இடது கால் மட்டும் அடிக்கொரு தரம் எதையோ தேடி மிதித்துக்கொண்டே இருந்தது.

கச்சையைக் கழற்றிவிட்டு, இந்த மனிதருக்கு இதயத் தமனியில் அடைப்பு இருக்கிறது, இவரை வண்டி ஓட்ட விடக்கூடாது என்றேன். பிரணவ் பொறுமையாகச் சிரித்தார். ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களைப் பதிவு செய்து, அவர்கள் எல்லோருக்கும் நடுவில் வரும் உடலாகப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்.

"மெஜாரிட்டி டிரைவர்ஸ் இப்படித்தான் ஃபீல் பண்றாங்க மேடம். அப்ப இதுதானே நார்மல்?"

"எல்லோரும் நோயில் கிடந்தால், நோய்க்கு நலம் என்று பெயர் மாற்றிவிடுவீர்களா?"

அது பாலிசி லெவல் கேள்வி என்றார். அளவுடலுக்குரியவர் யார் என்று கேட்டேன். அது ரகசியம், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார். மறுநாள் தேர்வில் அளவுடலைப் பற்றிக் கட்டாயக் கேள்வி ஒன்று உண்டு என்றும், அதற்குத் 'தகுதியுடையது' என்று விடை எழுதாதவர்கள் மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் தேற முடியாது என்றும், என் நன்மைக்காகத் தாழ்ந்த குரலில் சொல்லிவைத்தார்.

மாலையில் வேன் புறப்பட்டது. முதல் வேகத்தடையில் அங்கமுத்துவின் இடது கால் எழுந்து தகரத்தை மிதித்தது. என் கால் அதனோடு சேர்ந்து எழுந்தது. பிற்பகலில் அந்த இடது காலை அணிந்திருந்ததன் மிச்சம். பேருந்து நிலையத்தில் மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தேன்.

படியேறினால் இடது தோளுக்குக் கீழே பிடிக்கிறதா என்று கேட்டேன். அவர் சாவியைத் திருகி வண்டியை நிறுத்தினார்.

"அது வாயுங்கம்மா."

"எவ்வளவு காலமாக?"

"ரெண்டு வருசமா இருக்குதுங்க. ஓமத்தண்ணி குடிச்சா ஏப்பம் வந்து எறங்கிரும். எங்க லைன்ல எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்க."

பதிவு செய்தபோது இதைச் சொன்னாரா என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நெஞ்சுவலி உண்டா என்று கேட்டார்களாம், இல்லை என்றாராம்; வாயுவைப் போய் யாராவது நெஞ்சுவலி என்று சொல்வார்களா என்றார். நான் கண்டுபிடித்ததில் அவருக்கு வெட்கமும் பெருமையும் ஒருங்கே வந்தன. தையற்காரனிடம் கொடுக்கும் அளவுச் சட்டையைப்போலத் தம் உடம்பை வைத்துத்தான் நாட்டில் எல்லா ஓட்டுநர்களையும் அளக்கிறார்கள் என்று காவலாளியிடம் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாராம். "அதுல இருந்து அந்தாளு அப்படித்தான் கூப்பிடறான். எங்கூட்டுக்காரி சொல்லுது, வேட்டி நிக்காத இடுப்பு, இது ஊருக்கெல்லாம் அளவாக்கும்னு" என்று சிரித்தார்.

வாயு அல்ல, இதயம் என்று சொன்னேன். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றேன். சிரிப்பு நின்றது. போனால் என்ன ஆகும் என்று கேட்டார். அடைப்பை நீக்குவார்கள், சில மாதங்கள் வண்டி ஓட்டக்கூடாது என்றேன். அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்கம்மா. வண்டியை விட்டு எறக்கிட்டா நான் ஆளே இல்லைங்க. நாளைக்கு நீங்க நல்லபடியா பாஸ் பண்ணிட்டுப் போங்க. நான் ஆடி கழிச்சுப் பாத்துக்கறேன்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற வாக்குறுதியை அவர் எதிர்பார்த்தார். நான் தரவில்லை.

மறுநாள் தேர்வில் குணசீலன் எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்துவிட்டு, பிரியாணி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். கட்டாயக் கேள்விக்கு நான் 'தகுதியற்றது' என்று எழுதி, நோயின் பெயரையும் எழுதினேன். பிரணவ் அருகில் வந்து, திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது என்றார். நான் எழுந்து நின்று, அளவுடலுக்குரிய மனிதர் வெளியே வேனில் அமர்ந்திருக்கிறார், பெயர் அங்கமுத்து, இப்போதே அவருக்கு ஈ.சி.ஜி. எடுக்காவிட்டால் மாலையில் இந்த மருத்துவர்கள் அனைவரும் ஒரு பிணத்தின் பக்கத்தில் அமர்ந்து பயணம் செய்ய நேரலாம் என்றேன். மற்ற எதற்கும் அசையாத கூட்டம் அதற்கு அசைந்தது. வேனில் போக வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா.

ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதன்மைத் தமனி முக்கால் பங்குக்கு மேல் அடைபட்டிருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். அவருடைய உரிமத்தை அதே வாரத்தில் முடக்கினார்கள். அரசு இவ்வளவு விரைவாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பார்க்கப் போனேன். அவர் மனைவி நல்லாயி எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். அங்கமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"வண்டியிலயே போய்ச் சேந்திருப்பேன். இப்ப உக்காந்து உக்காந்து சாகணும். உங்களை ஆருங்கம்மா கேட்டாங்க?"

நல்லாயி வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தேர்வில் நான் தேறவில்லை என்று முதலில் அறிவித்தார்கள். மருத்துவமனை அறிக்கை வந்த பிறகு அந்த அறிவிப்பைக் காணவில்லை. பிரணவ் தாமே என் மருத்துவமனைக்கு வந்து, சட்டமிட்ட சான்றிதழையும் புதிய கச்சைகள் இரண்டையும் மேசைமேல் வைத்தார். இந்தச் சம்பவம் வெளியே பேசப்படாமல் இருந்தால் நல்லது என்று மேலிடம் கருதுவதாகச் சொன்னார். அளவுடலை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அதை எப்படி மேடம் மாத்த முடியும்? நாடு முழுக்க அதை வச்சுத்தான் சர்ட்டிஃபிகேட் போயிருக்கு. தப்புன்னு சொன்னா, கொடுத்தது எல்லாம் என்னாகும்?"

"மனிதரை வேலையிலிருந்து நீக்கிவிட்டீர்கள். அவருடைய நோய் மட்டும் பணியில் தொடர்கிறது. அப்படித்தானே?"

அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் போனார்.

சான்றிதழை நான் திருப்பி அனுப்பவில்லை. அளவுடலின் ரகசியத்தை விரிவாக எழுதி அரசுக்கும் செய்தித்தாள்களுக்கும் அனுப்பினேன். அரசு பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்தது. ஒரு செய்தித்தாள் அதை வாசகர் கடிதமாக, பாதியை வெட்டி, என் பெயரைப் பிழையாக அச்சிட்டு வெளியிட்டது. குணசீலன் இப்போது அடுத்த தெருவிலேயே அறை பிடித்து, குளிர்சாதனம் வைத்து, திருகு ஒன்றில் இருக்கச் சான்று வழங்கிக்கொண்டிருந்தார். நான் என் அறையில் திருகைப் பத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் ஒருவர் தப்பாமல் பச்சையானார்கள். எல்லோர் கண்களுக்குப் பின்னாலும் அதே மணல். எல்லோரிடமும் அதே இடுப்பு, அதே முழங்கை. தோளுக்குக் கீழான பிடி சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை; பொருத்திப் பார்க்கும் கருவிக்கு மற்றவையே போதுமாக இருந்தன. நாளின் முடிவில் கொட்டாவி விட்டு விட்டு என் தாடை வலித்தது. பச்சை எரிந்த ஒவ்வொருவரையும் ஈ.சி.ஜி.க்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். நோய் இல்லை என்று திரும்பியவர்களுக்கே கையெழுத்திட்டேன். அவர்களுக்கும் இல்லாதது தூக்கம்தான். அதற்கு நான் எழுதிக் கொடுக்கக்கூடிய மருந்து எதுவும் லாரி முதலாளிகளுக்குப் பிடிக்காது. கருவியைப் பழித்துப் பயனில்லை. தையற்காரன் பாவம், கொடுத்த அளவுக்குத்தான் தைக்கிறான்.

கார்த்திகையில் ஒரு காலை, வரிசையில் அங்கமுத்து நின்றுகொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. இதய மருத்துவர் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்து, இனி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். உரிமத்தைத் திரும்பப் பெற என் சான்று ஒன்றே பாக்கி. பழைய கோபத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவருக்கு ஒரு கச்சையை மாட்டிவிட்டுப் படியேறி இறங்கச் சொன்னேன். என் கச்சையை நான் அணிந்திருந்தேன். மூச்சு அடிவயிறுவரை தடையில்லாமல் போய்த் திரும்பியது. தோளுக்குக் கீழே பிடித்திருந்த கையைக் காணவில்லை. கண்களுக்குப் பின்னால் மணல் இல்லை. மாதக்கணக்கில் வீட்டுக் கட்டிலில் படுத்து, வேளைக்குச் சாப்பிட்டு, விடிந்தபின் எழுந்த உடல். ஒரு லாரி ஓட்டுநரின் உடலில் எனக்குக் கொட்டாவி வராதது அதுவே முதல் முறை. இடது கால் மட்டும் தன் பழைய வேலையை விடாமல் ஒரு முறை தரையை மிதித்தது. நாமக்கல்லில் நான் அணிந்த உடல்களிலேயே ஓட்டத் தகுந்தது அதுதான்.

சிவப்பு எரிந்தது.

அவர் விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆரோட அளவுக்கு ஒத்து வரலைங்குதுங்க அது?"

"உங்களுடைய அளவுக்கு."

அவர் யோசித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்ப ஒரு ரெண்டு மாசம் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வரட்டுங்களா?"

உண்மையாகவே கேட்டார். நான் சரி என்றால் அன்றைக்கே தொடங்கியிருப்பார். அடுத்த தெருவுக்குப் போனால் ஒரு நொடியில் ஆகிவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். குணசீலனின் ஆள் வாசலிலேயே நின்று அழைத்திருக்கிறான். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "நம்ம உடம்பை அறிஞ்சவங்க கையெழுத்தா இருக்கட்டுமுங்க" என்றார்.

கதவைச் சாத்தினேன். இடுப்பருகே கையைக் கொண்டுபோய், திருகை ஒன்றுக்கு இறக்கினேன். அங்கமுத்து என் எதிரே அமர்ந்திருந்தார். என் உடலில் அவர் இல்லை. பக்கத்து வீட்டில் யாரும் இருமக்கூட இல்லை. அந்த நாற்காலியைச் சோதித்தபோது குணசீலனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு விளங்கியது.

பச்சை எரிந்தது. சான்று அச்சாகி வந்தது. அதில் எழுதியிருந்தது முழு உண்மை. பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

திருகைப் பத்துக்கு ஏற்றிவிட்டு, அடுத்தவரை அழைத்தேன். இளைஞர், பார்த்தால் முப்பது வயதிருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கச்சையின் கடைசிக் கொக்கியை அவர் மாட்டி முடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்தது. பச்சை எரிந்தது.